மறு: ‘கிரீனியம்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயா, அக்கா, மற்ற நண்பர்களுக்கும் வணக்கம். பசுமைப் பத்திரம், அதாவது சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்காக வெளியிடும் கடன் பத்திரம், சாதாரணப் பத்திரத்தைவிடக் குறைந்த வட்டிக்குப் போனால் அந்த வித்தியாசம்தான் ‘கிரீனியம்’ (கிரீன் + பிரீமியம்). அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> ‘பசுமைக் கழிவு’ போதாதா? வட்டியில் கழித்துக்கொள்வதுதானே.

கணக்கு சரிதான் ஐயா. கடைவீதியில் கழிவு என்றால் தள்ளுபடி என்று புரிந்துவிடும். ஆனால் ‘பசுமைக் கழிவு’ என்று செய்தித்தாளில் போட்டால், மாநகராட்சி வண்டியில் கொட்டுகிற வாழைமட்டைதான் நினைவுக்கு வரும். இந்த இழையில் முன்பு வந்த ‘பசுமிகை’ என்ற யோசனையில் மாடு வந்து நிற்கிறது. ‘கிரீனியம்’ என்றே விட்டாலோ, செலினியத்துக்கு அண்டை வீடு என்று நினைப்பார்கள்.

பெயர் இருக்கட்டும், முதலில் சரக்கைப் பார்ப்போம். இந்திய அரசின் முதல் பசுமைப் பத்திரங்களை ரிசர்வ் வங்கி ஏலம் விட்டது 2023 ஜனவரி 25 அன்று. ஐந்தாண்டு, பத்தாண்டு என்று இரண்டு வகை, மொத்தம் 8,000 கோடி ரூபாய். பத்தாண்டுப் பத்திரம் 7.29 சதவீதத்துக்குப் போனது. அதே தவணையுள்ள சாதாரண அரசுப் பத்திரத்தைவிட ஐந்தாறு பேசிஸ் பாயின்ட் (ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு பேசிஸ் பாயின்ட்) குறைவு. லட்ச ரூபாய் போட்டவருக்கு வருடத்துக்கு 7,290 ரூபாய் வட்டி. சாதாரணப் பத்திரம் வாங்கியிருந்தால் ஐம்பது அறுபது ரூபாய் கூடக் கிடைத்திருக்கும். அரசுக்கோ 8,000 கோடிக்கும் சேர்த்து வருடத்துக்கு நாலு கோடிக்கு மேல் மிச்சம். சூரிய மின்சாரத்துக்கும் மெட்ரோ ரயிலுக்கும் போகிற பணம் என்பதற்காகக் கடன் கொடுத்தவர் விட்ட அந்த ஐம்பது ரூபாய்க்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

> அப்படியானால் ‘பசுமை விட்டுக்கொடுப்பு’ என்று நேராகவே சொல்லலாமே?

எனக்கும் முதலில் பிடித்திருந்தது அக்கா. சிக்கல் என்னவென்றால், எப்போதும் விட்டுக்கொடுக்கிறார்களா? 2024 மே கடைசியில் 6,000 கோடிக்குப் பத்தாண்டுப் பசுமைப் பத்திரம் ஏலத்துக்கு வந்தது. கேட்க ஆள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்ட வட்டி அரசுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரு விண்ணப்பத்தைக்கூட ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. இந்தப் பத்திரங்கள் சிறு அளவில் வெளியாகின்றன, வாங்கும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் பெட்டியில் பூட்டி வைத்துவிடுகின்றன. அவசரத்துக்கு விற்கப்போனால் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்குக் கூடுதல் வட்டி கேட்பது நியாயம்தான். ஐரோப்பாவில் பசுமைப் பத்திரங்களை மட்டுமே தேடி வாங்கும் நிதியங்கள் ஏராளம், அதனால் அங்கே கிராக்கி இருக்கிறது. இங்கே அப்படி வாங்குபவர்கள் குறைவு. ஆக, இந்த எண் கூடலாம், பூஜ்யமாகலாம், எதிர்மறையாகவும் போகலாம். விட்டுக்கொடுப்பு என்று பெயர் வைத்தால், பெயரிலேயே முதலீட்டாளரைத் தர்மவானாக்கிவிடுகிறோம். வித்தியாசம் என்று மட்டும் சொல்லும் சொல் வேண்டும்.

என் பரிந்துரை: பசுமை வாசி.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது கோயிலில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் அன்றாடம் ஆளுக்கொரு காசு கிடைத்தது என்பார்கள். சம்பந்தர் காசுக்கு மட்டும் கடைத்தெருவில் வட்டம் பிடித்தார்களாம், அதாவது மதிப்பைக் குறைத்து எடுத்துக்கொண்டார்களாம், அதனால் சமையல் தாமதமானது. அவர் பாடினார்: ‘வாசி தீரவே காசு நல்குவீர்’. மதிப்பில் உள்ள அந்த வித்தியாசம்தான் வாசி. நிதித்துறைக்கு இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் எனக்குத் தெரியவில்லை.

> வாசி என்றால் நகரவாசி, வனவாசி ஞாபகம் வராதா?

வரலாம். ஆனால் விலைவாசி ஏறிவிட்டது என்று தினமும் படிக்கிறோம். யாரும் விலையில் குடியிருப்பவரைத் தேடவில்லையே. அரைவாசி, முக்கால்வாசியும் அப்படித்தான். பயமாக இருந்தால் ‘பசுமை வட்டிவாசி’ என்று எழுதலாம். எனக்கு அது கொஞ்சம் நீளம்.

வரையறையில் கறாராக இருப்போம். கடன் வாங்குபவர் ஒருவரே, தவணை ஒன்றே. சாதாரணப் பத்திரத்தின் வருவாய் விகிதத்திலிருந்து பசுமைப் பத்திரத்தின் வருவாய் விகிதத்தைக் கழித்தால் மிஞ்சுவது பசுமை வாசி. ஜெர்மனி இதற்கென்றே செய்த மாதிரி 2020 செப்டம்பரில் ஓர் இரட்டைப் பத்திரத்தைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே சந்தையில் இருந்த பத்தாண்டுப் பத்திரத்தின் முதிர்வு நாளே பசுமைப் பத்திரத்துக்கும், கூப்பன் வட்டியும் (பத்திரத்திலேயே குறித்த வட்டி) அதே பூஜ்யம். சந்தையில் இரண்டின் வருவாய் விகிதத்தையும் பக்கத்தில் வைத்தால் வாசி தானாகத் தெரியும். இந்தூர் மாநகராட்சி 2023-ல் 8.25 சதவீதத்துக்கு 244 கோடி திரட்டிய பசுமைப் பத்திரத்துக்கு இந்தச் சொல்லைப் போடக்கூடாது. நர்மதைத் தண்ணீரை ஏற்றும் மின்கட்டணத்தைக் குறைக்கச் சூரிய மின்நிலையம் கட்டுவதற்கான பணம் அது, நல்ல திட்டம்தான். ஆனால் ஒப்பிட அதே நேரத்தில் வந்த சாதாரண ஜோடி இல்லை. ஜோடி இல்லாமல் வாசி பேசுவது விளம்பரம்.

இன்னொரு வசதி: ‘ஸ்பிரெட்’டுக்கும் (இரண்டு வட்டி விகிதங்களுக்கு இடையிலான இடைவெளி) வாசி பொருந்தும். திவாலாகும் ஆபத்துக்காகக் கேட்கும் கூடுதல் வட்டி ‘கடன் வாசி’. விற்கச் சிரமம் என்பதற்காகக் கேட்பதற்கு ‘நீர்மை வாசி’ என்று போட்டுப் பார்த்தேன், ‘நீர்மை’ ஒட்டவில்லை. அதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள், பசுமை வாசியோடு சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.