பொருள்: தொடர்களில் திரும்பத் திரும்ப வரும் வேற்றுலகருக்கு என்ன சொல்? (கலைச்சொல் விவாதம்)

அனுப்புநர்: வசன மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

குழுவினருக்கு வணக்கம்.

அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களில் வேற்றுக்கிரகவாசிகள் துணைப்பாத்திரங்களாக இன்னும் அதிகம் வரவேண்டுமா? இதைப் பற்றி வரும் தமிழ்க் கட்டுரைகளில் ஒரு குழப்பம் ஓயாமல் தலைகாட்டுகிறது. ஒருவர் ‘துணைப்பாத்திரம்’ என்று எழுதுவது, ஒரே பகுதியில் வந்து அதிலேயே செத்துப்போகும் ஆளை. இன்னொருவருக்கு அது மதுக்கடை மூலையில் உட்கார்ந்திருக்கும் முகம். மூன்றாமவருக்கு, முதன்மை நடிகர் பட்டியலில் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் வந்து போகும் ஆள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூவரும் மூன்று பொருளுக்குச் சண்டை போடுகிறார்கள்.

1993 முதல் 1999 வரை 176 பகுதிகள் வந்த ‘ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரிலேயே மூன்றும் உண்டு. பகுதிக்குப் பகுதி புதிதாக வந்து இறங்குபவர்கள் ஒரு வகை. குவார்க் என்பவரின் மதுக்கடையில் தொடர் முழுக்க உட்கார்ந்திருக்கும் மோர்ன் இன்னொரு வகை. அவர் ஓயாமல் பேசுவார் என்று மற்றவர்கள் சொல்வார்கள், நாம் ஒரு சொல்கூடக் கேட்பதில்லை. தையற்கடை வைத்திருக்கும் காரக் மூன்றாம் வகை. முதல் பருவத்தில் ஒரே ஒரு பகுதியில்தான் வந்தார். கடைசிப் பருவத்தின் போர்க்கதையை அவர் இல்லாமல் சொல்லவே முடியாது. அப்போதும் தொடக்கப் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை.

மோர்னும் காரக்கும் ஒரே சொல்லுக்குள் அடங்கினால் ‘அதிகம் வேண்டுமா’ என்ற கேள்விக்கே பொருளில்லை. இரண்டு சொல் வேண்டும்: ஏலியனுக்கு ஒன்று, காரக் வகைக்கு ஒன்று. முதலாவதற்கு ‘வேற்றுலகர்’ என்று வைத்திருக்கிறேன். இரண்டாவதற்குக் கையில் இருப்பது ‘மீள்வருகைத் துணைக் கதாபாத்திரம்’. படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது.

*

அனுப்புநர்: தமிழாசிரியை, ஆத்தூர்

தம்பி, முதலில் ஏலியனை முடிப்போம்.

‘வேற்றுக்கிரகவாசி’ ஒன்பது எழுத்து. நீளம்கூடப் பெரிய குறையில்லை, கிரகம்தான் குறை. 1999இல் தொடங்கிய ‘ஃபார்ஸ்கேப்’ தொடரில் மோயா என்பது உயிருள்ள கப்பல். அதுவே ஒரு பாத்திரம். அதை எந்தக் கிரகத்துவாசி என்று எழுதுவது?

‘அயலான்’ 2024இல் படத்தலைப்பாகவே வந்துவிட்டதால் எல்லோருக்கும் புரியும். ஆனால் அயல் என்றால் பக்கம். அயல்வீடு, அயலூர், அயலார் எல்லாமே அண்டையில் இருப்பது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரைச் சொல்லும் சொல்லை விண்மீன்களுக்கு அந்தப் பக்கம் இழுப்பது எனக்கு ஒட்டவில்லை. யாரோ தனிமடலில் ‘வந்தேறி’ என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். அது மனிதரை மனிதர் ஏசும் சொல். அதை எடுத்தால் பாத்திரம் வாய் திறக்கும் முன்பே அதற்குத் தண்டனை கொடுத்தாயிற்று.

நம் பக்கத்தில் புழக்கத்தில் இருப்பது ‘வேத்தாளு’. “வேத்தாளு யாரோ வந்திருக்காங்க, நாய் கொரைக்குது” என்று ஆத்தூரிலும் சொல்வார்கள், வாழப்பாடியிலும் சொல்வார்கள். எழுத்தில் வேற்றாள். நான்கே எழுத்து, ஏலியனும் நான்கே எழுத்து. வசனத்துக்கு வேற்றாள், கட்டுரைக்கு வேற்றுலகர் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

*

அனுப்புநர்: ஒப்பனைக் கலைஞர், ஏற்காடு

சொல்லைப் பற்றி ஆசிரியை அம்மா சொல்வதே சரி. ‘அதிகம்’ என்பதற்கு மட்டும் என் பங்கு. ஒரு வேற்றாள் முகம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் எந்த வகை அதிகம் வேண்டும் என்பதும் தெரியும்.

நடிகர் முகத்தில் அல்ஜினேட் என்ற அச்சுக்கூழைப் பூசி அச்செடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி முகப்படி செய்ய வேண்டும். படியின் மேல் களிமண்ணில் நெற்றிமேடு, மூக்கு, கன்னம் எல்லாம் செதுக்கி, அதற்கு எதிரச்சு வார்க்க வேண்டும். களிமண்ணை வழித்து எடுத்த பிறகு இரண்டு அச்சுக்கும் நடுவில் மிஞ்சும் இடைவெளிதான் ஒட்டுமுகம். அங்கே லேட்டக்ஸ் (ரப்பர் பால்) நுரையை நிரப்பி அடுப்பில் 85 டிகிரி செல்சியஸ் அளவில் மூன்று நான்கு மணி நேரம் வேகவிட வேண்டும். வழக்கமான ஒரு கலவைக்கு 150 கிராம் லேட்டக்ஸ், 30 கிராம் நுரையூட்டி, 15 கிராம் கந்தகம் கலந்த வேகவைப்பான். கடைசியில் சேர்ப்பது உறையவைப்பான், ஏறக்குறைய 14 கிராம். இந்தக் கடைசி எண்தான் ஊருக்கு ஊர் மாறும். சேலத்துச் சித்திரை வெயிலில் அதே அளவு போட்டால் அச்சுக்குள் ஊற்றும் முன்பே கிண்ணத்தில் உறைந்துவிடும், குறைக்க வேண்டும். ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழிக் குளிரில் உறையாமல் நின்று நுரை உடைந்து தண்ணீராகும், கூட்ட வேண்டும். அச்சில் ஈரம் தங்கியிருந்தாலோ, சூட்டை அவசரமாக ஏற்றினாலோ, சூடாக இருக்கும்போதே வெளியே எடுத்தாலோ அச்சு விரிசல் விடும். விரிசல் விட்டால் செதுக்கியதெல்லாம் போச்சு.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒட்டுமுகத்தின் ஓரம் வெங்காயத்தோல் போல இருந்தால்தான் தோலோடு தோலாகச் சேரும். அப்படி இருப்பதாலேயே இரவு கழற்றும்போது கிழியும். ஆகவே படப்பிடிப்பு நாள் ஒவ்வொன்றுக்கும் புதிய முகம். ஆனால் முகப்படியும் களிமண் வேலையும் எதிரச்சும் முதல் தடவையோடு முடிந்துவிடும். அதே ஆள் பத்தாவது தடவை வரும்போது செலவு நுரை, வண்ணம், ஒட்டும் நேரம், இவ்வளவுதான். பகுதிக்கு ஒரு புது இனம் என்று எழுதினால் ஒவ்வொரு தடவையும் செதுக்கலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு நேரம் கிடைக்காது. அதனால்தான் நெற்றியில் மட்டும் ஒரு மடிப்பை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். பார்க்கிறவர்கள் “எல்லாம் ஒரே மூஞ்சி” என்பது இங்கிருந்து வருகிறது.

இன்னொன்று. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்து 1952இல் வந்த ‘காடு’ படத்தில் யானைகளுக்கு மயிர்ப்போர்வை கட்டி மாமூத் என்ற பழங்கால மயிர் யானை ஆக்கினார்கள். மாமூத் பேசவேண்டியதில்லை, போர்வை போதும். பேசும் முகத்துக்குச் சோதனை வாயோரத்தில். வியர்வை மேலுதட்டில்தான் முதலில் ஊறும், பசை அங்கேதான் முதலில் விடும். வாயோரத்தைக் கடைசியாக ஒட்டி, சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் மறுபடி ஒட்ட வேண்டும். ஒரு நடிகர் அந்த முகத்தோடு பேசிப் பழக நாளாகும். எந்தத் தசையை எவ்வளவு இழுத்தால் வெளியே தெரியும் என்பது திரும்பத் திரும்ப வருகிறவருக்குத்தான் கைகூடும்.

*

அனுப்புநர்: வசன மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

அண்ணா சொன்ன கணக்கு மொழிபெயர்ப்பிலும் அப்படியே நிற்கிறது. தமிழில் ஒரு வேற்றாள் வந்து நின்றதுமே வினைமுற்று கேட்கும் கேள்வி: வந்தாரா, வந்ததா? ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்று தொல்காப்பியம் கோடு கிழித்துவிட்டது. வேற்றாள் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறார்.

முதல் ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் 1967இல் வந்த பகுதி ஒன்றில், சுரங்கத் தொழிலாளரைக் கொல்லும் பாறை போன்ற உயிர் ஒன்று வரும். பெயர் ஹோர்ட்டா. தொழிலாளர்கள் உடைத்துப்போட்ட உருண்டைக் கற்கள் அதன் முட்டைகள் என்பதும், அது குஞ்சுகளைக் காக்கும் தாய் என்பதும் கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பாக் அதன் மனத்தைத் தொட்டபோதுதான் தெரியும். தமிழ் வசனத்தில் தொடக்கத்திலேயே ‘அவள்’ என்று போட்டால் கதை உடைந்துவிடும். கடைசிவரை ‘அது’ என்றால் கதை போய்ச் சேராது. தொழிலாளர் வாயில் ‘அது’ நிற்கட்டும். ஸ்பாக் வாயில் ‘தாய்’ என்று வரும் இடத்தில் மாற்றலாம். தாய் விரவுப்பெயர், இரு திணைக்கும் பொது. அதன் மேல் கால்வைத்து ‘அவள்’ பக்கம் இறங்கிவிடலாம்.

ஒரே பகுதியில் முடியும் பாத்திரத்துக்கு இந்தத் திணைத் தாவல் ஒரே தடவை. திரும்பத் திரும்ப வருபவருக்குப் படிப்படியாக நடக்கும். டீப் ஸ்பேஸ் நைனில் ஜாட்சியா டாக்ஸ் என்ற இளம்பெண்ணைத் தளபதி சிஸ்கோ “கிழவா” என்ற பொருளில்தான் கூப்பிடுவார். அவள் உடலுக்குள் இருக்கும் உயிர் முன்பு வேறொரு முதியவர் உடலில் இருந்தது. அந்த முதியவரோடு இருந்த பழக்கம். “பெரியவரே” என்று போட்டால் மரியாதை வரும், பால் மறையும், உறுத்தல் போய்விடும். உறுத்தல் வேண்டும். முதல் தடவை “கிழவா” திடுக்கிடவைக்கும், முப்பதாவது தடவை நெருக்கமாகக் கேட்கும். அந்த முப்பது தடவை கிடைப்பது இந்த வகைப் பாத்திரத்துக்கு மட்டும்தான். ஜாட்சியா முதன்மைப் பட்டியலில் இருப்பவர் என்று தெரியும், எடுத்துக்காட்டுக்காகச் சொன்னேன்.

*

அனுப்புநர்: வாசகர், சூரமங்கலம்

அம்மா, அண்ணா எல்லோருக்கும் வணக்கம். ஒரு மறுப்பு. 2002இல் வந்த ‘ஃபயர்ஃபிளை’ தொடரில் வேற்றுலகரே கிடையாது. மனிதரை வைத்தே நல்ல விண்வெளிக் கதை சொல்ல முடிகிறது. அப்புறம் எதற்கு எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்?

சொல்லுக்கு ஒரு யோசனை: ‘உடனுறை வேற்றாள்’. நம்மோடு கூடவே வாழ்பவர் என்று பொருள் வரும். ‘கட்டியக்காரன்’ என்றும் நினைத்தேன். கூத்தில் விடிய விடிய வந்துபோவது அவன்தானே.

*

அனுப்புநர்: தமிழாசிரியை, ஆத்தூர்

மறுப்பு நியாயமானதுதான் தம்பி. வேற்றுலகரே இல்லாத தொடரில் வலிந்து சேர்க்கச் சொல்லவில்லை. சேர்ப்பதென்று முடிவெடுத்தவர்கள் வாரத்துக்கு ஒரு புது முகத்தைக் கொண்டுவந்து வீணாக்குகிறார்களே, அங்கேதான் வழக்கு. புதிதாக வருபவர் பெரும்பாலும் தன் இனத்தின் ஒற்றைக் குணத்தைச் சுமந்துகொண்டு வருகிறார்: இந்த இனம் போர்வெறி, அந்த இனம் பேராசை என்று. காரக்குக்குக் கடை உண்டு, கடன் உண்டு, பொய் உண்டு, ஒரு மருத்துவரோடு வாராவாரம் மதிய உணவு உண்டு. தன் இனத்தாரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. பத்துப் புது இனத்தைவிட ஒரே இனத்தில் ஒத்துப்போகாத இருவர் வந்தாலே உலகம் பெரிதாகத் தெரியும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘உடனுறை’ அழகான சொல்தான். ஆனால் குறள் 890 அதைக் குடிசைக்குள் பாம்போடு உடனுறைவதற்கு எடுத்தாள்கிறது. கோயில் அழைப்பிதழிலோ அம்மன் உடனுறை ஈசன் என்று அச்சாகிறது. ஒரு பக்கம் பாம்பு, இன்னொரு பக்கம் திருமணம். நடுவில் தையற்காரருக்கு இடமில்லை. கட்டியக்காரன் ஒரே ஆள் காவலனாக, தூதனாக, வேலைக்காரனாக மாறி மாறி வருவான். நமக்கு வேண்டியது ஒரே ஆளாகவே திரும்ப வருவது.

‘புழங்கு’ என்ற வினையை எடுத்துப் பாருங்கள். வந்து போய்ப் பழகி, கைக்கும் கண்ணுக்கும் பழகிப்போவது புழங்குவது. ஆகவே ‘புழங்குபாத்திரம்’. அடுக்களையிலும் புழங்கும் பாத்திரம் உண்டு, பரணில் கவிழ்த்துவைத்த பாத்திரமும் உண்டு. அந்த இணைப்பு எனக்குப் பிடித்தே இருக்கிறது. தினம் கைபட்டதால் அதன் விளிம்பு எங்கே நசுங்கியிருக்கிறது என்றுகூட வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரே பகுதிக்கு வருபவர் ‘விருந்துப்பாத்திரம்’. விருந்து என்றால் பழைய வழக்கில் புதுமை, புதிதாக வந்தவர். மோர்ன் வகைக்குப் ‘பின்புலப்பாத்திரம்’ போதும்.

*

அனுப்புநர்: ஒப்பனைக் கலைஞர், ஏற்காடு

புழங்குபாத்திரம் எனக்குச் சரி. அச்சு உடையாமல் எடுத்துவைத்திருக்கும் முகம் என்று எங்கள் பக்கத்திலும் பொருந்துகிறது. விருந்துப்பாத்திரம் என்பதைச் சோறு போடும் பாத்திரம் என்று படித்துவிடுவார்களோ?

*

அனுப்புநர்: வசன மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

படிக்கலாம் அண்ணா. தனியாக எழுதும்போது ‘விருந்தாள்’ என்று வைத்துக்கொள்கிறேன், வேற்றாளோடு ஓசையும் சேர்கிறது. கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

வேற்றாள் / வேற்றுலகர்: பூமியைச் சேராத, தன்னறிவுள்ள உயிர். முன்பின் தெரியாதபோது ‘அது’. பேசத் தொடங்கியதும் ‘அவர்’.

வேற்றுலகப் புழங்குபாத்திரம்: முதன்மைப் பட்டியலில் இல்லாமல், ஒரே ஆளாகப் பல பகுதிகளில் திரும்ப வரும் வேற்றாள். எடுத்துக்காட்டு: காரக்.

கட்டுரையாளர் மூவருக்கும் ஒரே வேண்டுகோள்: ‘அதிகம்’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் விருந்தாளா, புழங்குபாத்திரமா என்று பிரித்துக் காட்டுங்கள்.

*

அனுப்புநர்: தமிழாசிரியை, ஆத்தூர்

ஒரே ஒரு திருத்தம். சிலர் ‘புழங்குப்பாத்திரம்’ என்று எழுதிவிடக்கூடும். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது. பட்டியலில் ஏற்றும் முன் பார்த்துவிடுங்கள்.