புதுப்பிப்பு: வெடித்த வெண்குறுமீனின் தப்பிய துணையைத் தேடும் வழி

1572-இல் தோன்றிய டைக்கோ சூப்பர்நோவா (விண்மீன் வெடிப்பு) எச்சத்தின் நடுவில் தப்பிய துணை விண்மீனைத் தேடிக்கொண்டிருந்த நான், 2004-இல் அத்தகைய துணையாக முன்மொழியப்பட்டுப் பின்னர் சர்ச்சைக்குள்ளான ‘டைக்கோ ஜி’ என்ற விண்மீனைத் தாண்ட முடியாமல் உங்களிடம் வழி கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பயன் தந்தது, இடத்தை விட்டு வேகத்தைத் தேடச் சொன்ன ஆலோசனைதான். இரு வெண்குறுமீன்கள் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய அடர்ந்த விண்மீன்கள்) மிக நெருங்கிச் சுற்றும்போது ஒன்று முழுதாக வெடித்தால், பிடித்துவைக்கும் ஈர்ப்பு இல்லாமற்போன மற்றது, கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல, நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான தன் சுற்று வேகத்துடனேயே பறந்துவிடுகிறது. விண்மீன்களின் இடத்தையும் இயக்கத்தையும் அளந்த கயா விண்கலத்தின் இரண்டாம் தரவு வெளியீட்டைக் கொண்டு கென் ஷென் குழுவினர் 2018-இல் இத்தகைய மூன்றை அறிவித்தனர். அவற்றுள் டி6-2-ஐ நானே கணக்கிட்டேன்: அதன் சொந்த இயக்கம் (வானில் அது ஆண்டுதோறும் நகரும் கோணம்) ஆண்டுக்குச் சுமார் 260 மில்லி வில்விநாடி (ஒரு மில்லி வில்விநாடி என்பது ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு), அதை அலகு மாற்றும் எண்ணான 4.74-ஆல் பெருக்கி, ஏறத்தாழ 1 மில்லி வில்விநாடியான இடமாறு தோற்றத்தால் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம்; தொலைவு கூடக் குறையும்) வகுத்தால், வேகம் நொடிக்கு 1,100 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அதன் பாதையைப் பின்னோக்கி நீட்டினால் ஜி70.0-21.5 என்ற பழைய எச்சத்தை அடைகிறது. அதைத் திரையில் கண்டபோது உண்மையிலேயே சிலிர்த்தேன்.

எதிர்பாராதது ஒன்று: என் முதல் பட்டியலில் பெரும்பாலானவை பொய்யானவை. இடமாறு தோற்றம் சிறிதாகவும் அதன் அளவீட்டுப் பிழை பெரிதாகவும் இருந்தால் போலி வேகமே கிடைக்கும். இடமாறு தோற்றம் பிழையைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்று வைத்தபின் பட்டியல் சுருங்கியது. ஆனால் அந்த நிபந்தனை தொலைவிலுள்ள உண்மையானவற்றையும் தள்ளிவிடக்கூடும். இறுதியாக நிறமாலையும் தேவை, ஏனெனில் இவ்விண்மீன்களில் ஹைட்ரஜன் கோடுகள் தென்படுவதில்லை.