ஆடிட்டர் ஆபீஸுக்கு ஆறு மானிட்டர்: தேவையா, ஆசையா?

காளிங்கராயன் கரை:
வணக்கமுங்க. ஈரோட்டுல ஜிஎஸ்டி, வருமான வரி பாக்கற சின்ன ஆபீஸ் நம்முளுது. ஜவுளிப் பார்ட்டிங்கதான் ஜாஸ்தி. மாசாமாசம் 14-ம் தேதி 2பி (நம்ம பார்ட்டிக்கு வித்தவங்க காட்டுன பில்லுங்களோட ஜிஎஸ்டி பட்டியல்) வந்ததும் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோட ஒப்பிட்டு, 20-ம் தேதிக்குள்ள 3பி (மாசாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போட்டாகோணும். அந்த ஒரு வாரமும் ஸ்கிரீன்ல டாலி கணக்கு சாஃப்ட்வேர், 2பி எக்செல், பார்ட்டி அனுப்புன பில்லு பிடிஎஃப், போர்ட்டல், வாட்ஸ்அப் வெப், பேங்க் ஸ்டேட்மென்ட்னு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துக்குது. ஆல்ட்-டேப் அமுத்தி அமுத்தியே சலிச்சுப் போச்சுங்க. புதுசா பிசி அசெம்பிள் பண்ணி, மேல மூணு கீழ மூணுன்னு 24 இன்ச் ஆறு மாட்டலாம்னு இருக்கேன். கேம் எதுவும் இல்லீங்க. கடைக்காரர் கேம் ஆடறவங்க வாங்கற ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டே ரெண்டு போடோணும்ங்கறார். அத்தன செலவு தேவைங்களா?

ரிச்சி தெருக்காரன்:
கேம் இல்லன்னா ஆர்டிஎக்ஸே வேணாம் தலைவா. கார்டு எவ்ளோ வேகம்னு பாக்காதீங்க, எத்தனை மானிட்டரைத் தாங்கும்னு பாருங்க. இப்ப விக்கிற ஜிஃபோர்ஸ் கார்டுல (அந்த ஆர்டிஎக்ஸும் இந்த ரகம்தான்) விலை எத்தனை லட்சத்துக்குப் போனாலும் ஒரே நேரத்துல நாலு மானிட்டர்தான் உச்சம். அதே நாலை என்விடியா டி1000ங்கற சின்ன கார்டே தருது. நாலு மினி டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ மாதிரி மானிட்டர் சொருகற போர்ட்), 50 வாட், ஸ்லாட்டுலேர்ந்தே கரண்ட் எடுத்துக்கும், தனி பவர் கேபிள் கூட வேணாம். மீதி ரெண்டுக்கு மதர்போர்டு பின்னாடி எச்டிஎம்ஐ ஒண்ணு, டிஸ்ப்ளேபோர்ட் ஒண்ணு இருக்கிற மாதிரி பாத்து வாங்குங்க. ப்ராசசர் உள்ள இருக்கிற கிராபிக்ஸே அதை ஓட்டிடும். நாலும் ரெண்டும் ஆறு.

ரெண்டு விஷயம் உஷாரா இருக்கணும். ப்ராசசர் நம்பர் கடைசில எஃப் இருந்தா தொடாதீங்க. ஐ5 13400 சரி, 13400எஃப் வேணாம், அதுல உள் கிராபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் கம்மின்னு அதைத்தான் தலையில கட்டப் பாப்பாங்க. இன்னொண்ணு, தனி கார்டு மாட்டினதும் சில போர்டு உள் கிராபிக்ஸைத் தானா அணைச்சிடும். பயாஸ்ல (பிசி ஆரம்பிக்கறப்ப வர்ற செட்டிங்) போய்ப் பாத்தா 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' மாதிரி ஒரு பேர் இருக்கும், ஐஜிபியுன்னா உள் கிராபிக்ஸ், அதை எனேபிள் பண்ணணும். இது தெரியாம போர்டே அவுட்டுன்னு சர்வீசுக்குத் தூக்கிட்டு வர்றவங்க உண்டு.

ஒத்தத்திரை:
ஆறை எப்படி ஓட்டுவது என்பதற்கு உடனே பதில் வந்துவிட்டது. ஆறு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரே சொன்ன பட்டியலைப் பாருங்கள். ஒப்பிடும்போது கண் ஓடுவது மூன்றே இடங்களில்: 2பி, ரிஜிஸ்டர், பில். போர்ட்டல் கடைசியில் ஒருமுறை. வாட்ஸ்அப்புக்குத் தனி மானிட்டர் என்பது கவனச் சிதறலுக்குத் தனி அறை கட்டித் தருவது.

43 அங்குல 4கே திரை ஒன்று போதும். 3840-க்கு 2160 என்றால் நான்கு முழு எச்டி திரைகள் அப்படியே அதற்குள் அடங்கும். கால்வாசி ஒவ்வொன்றும் 21.5 அங்குல மானிட்டர் அளவு, நடுவில் சட்டம் இல்லை. ஒரு கேபிள், ஒரு பவர் பிளக். தனி கார்டே வேண்டாம். உள் கிராபிக்ஸே 4கே 60 ஹெர்ட்ஸ் தரும். திரையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸில் ஃபேன்சிஸோன்ஸ் இலவசமாகவே இருக்கிறது.

ரிச்சி தெருக்காரன்:
43 இன்ச் மானிட்டர்னு தேடிப் போறவங்க விலையைப் பாத்துட்டு கடைசில 43 இன்ச் டிவியத்தான் தூக்கிட்டு வருவாங்க. டிவில எக்செல் திறந்து பாருங்க. நிறத் தகவலைப் பாதியாக் குறைச்சு அனுப்பும்போது கறுப்பு எழுத்து ஓரத்துல சிவப்பும் நீலமும் கசியும். 8-ஆ 6-ஆன்னு கண்ணைச் சுருக்கிப் பாக்கணும். பார்ட்டியோட ஜிஎஸ்டி நம்பர்ல ஒரு எழுத்து மாறினா என்னாகும்னு அவருக்கே தெரியும்.

ஒத்தத்திரை:
டிவியிலும் நிறத் தகவலைக் குறைக்காத 4:4:4 முறை வரும். உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினால் பலவற்றில் எழுத்து தெளிந்துவிடும். எல்லா டிவியிலும் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதனால்தான் மானிட்டர் என்று எழுதினேன். உங்கள் ஆறின் கணக்கையும் போடுவோமா? 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 செ.மீ. மூன்று சேர்ந்தால் 160. ஐந்தடி மேசையே 152 செ.மீ.தான். மேல் வரிசையை நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கும் கழுத்துக்கு மருத்துவச் செலவை யார் தருவது? நான் சொன்ன திரை 95 செ.மீ.

சில்லறை:
எதுக்கு இவ்வளவு சண்டை. பழைய ஜிடி 710 கார்டு ரெண்டு வாங்கிப் போடுங்க, வேலை முடிஞ்சுது. எக்செல்லுக்கு அது போதும். இல்லன்னா எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் முன்னூறு ரூபாய்க்குக் கிடைக்குது.

ரிச்சி தெருக்காரன்:
ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தை ரெண்டு இடத்துல காட்டும், அவ்ளோதான். கல்யாண மண்டபத்துக்கு ஆகும், கணக்குக்கு ஆகாது.

ஜிடி 710 கெப்ளர்ங்கற பழைய தலைமுறை சிப். அதுக்குப் புது டிரைவர் வர்றது 2021-லயே நின்னுடுச்சு, பாதுகாப்புத் திருத்தமும் 2024 செப்டம்பரோட முடிஞ்சுது. நூறு பார்ட்டியோட பான் கார்டும் பேங்க் ஸ்டேட்மென்டும் இருக்கிற மெஷின்ல அதையா மாட்டச் சொல்றீங்க? நாளைக்கு ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கார்டு ஒண்ணு பக்கத்துல சேத்தா இன்னும் கூத்து. 710-க்கு 470 வரிசை டிரைவரோட சரி, புதுசுக்கு 500-க்கு மேல வேணும். ஒரே விண்டோஸ்ல ரெண்டும் சேந்து ஓடாது. ஒண்ணு எழுந்தா ஒண்ணு படுத்துடும்.

சில்லறை:
சரி, டிஸ்ப்ளேபோர்ட் ஹப்? ஒரு போர்ட்டுல மூணு மானிட்டர் ஓடுதுன்னு போட்டிருக்கானே. டி1000-ல நாலு போர்ட்டுன்னா பன்னிரண்டு வருமே.

ரிச்சி தெருக்காரன்:
வராது. நீங்க சொல்ற ஹப், அதான் எம்எஸ்டி ஹப், நல்ல சாமான்தான். டிஸ்ப்ளேபோர்ட் 1.2-லேர்ந்தே இருக்கு. ஒரு போர்ட்டுல நொடிக்கு 17 ஜிகாபிட் போகும், முழு எச்டி 60 ஹெர்ட்ஸுக்கு மூணு சொச்சம்தான் வேணும், அதனால பாதை பத்தாதுங்கறது இல்ல. ஆனா கார்டுக்குள்ள படம் வரையற தலை நாலுதான். ஹப்பு போர்ட்டைக் கூட்டும், தலையைக் கூட்டாது. ஏஎம்டி 2010-லயே ஆறு மினி டிஸ்ப்ளேபோர்ட் வச்சு ஹெச்டி 5870 விட்டான், அதுல ஆறு தலை இருந்துச்சு. அட்டைப் பெட்டியில 'அதிகபட்ச மானிட்டர்'னு ஒரு வரி இருக்கும், வாங்கறதுக்கு முன்ன அதைப் படிங்க.

பையோடு பயணி:
நான் லேப்டாப்தான். டிஸ்ப்ளேலிங்க் டாக் (மானிட்டர்களை இணைக்கும் பெட்டி) ஒன்று யுஎஸ்பி-யில், அதில் மானிட்டர் மூன்று. கார்டு, ஸ்லாட் எந்தத் தலைவலியும் இல்லை. இதையும் யோசியுங்களேன்.

ஒத்தத்திரை:
அது ப்ராசசரைக் கொண்டு படத்தைச் சுருக்கி யுஎஸ்பி வழியே அனுப்புகிற வித்தை. அசையாத எக்செல்லுக்குக் குறையில்லை. லட்சம் வரிகள் உள்ள தாளை வேகமாக உருட்டினால் தடுமாறும். லேப்டாப்காரர்களுக்கு வேறு வழி இல்லாதபோது சரி. புதிதாக மேசைக் கணினி கட்டுகிறவர் ஏன் அந்தப் பக்கம் போக வேண்டும்?

கரைக்காரரே, ஒரு கேள்வி. உங்கள் அலுவலகத்தில் எந்த எக்செல்?

காளிங்கராயன் கரை:
2010-ங்க. நல்லாத்தான் ஓடிட்டு இருக்குது. ஏனுங்க?

ஒத்தத்திரை:
அப்படியானால் ஆறு மானிட்டர் வாங்கினாலும் பலன் பாதிதான். 2010 வரை எக்செல்லில் எல்லா ஒர்க்புக்கும் ஒரே பெரிய ஜன்னலுக்குள்தான் திறக்கும். 2பி-யை இடது மானிட்டரிலும் ரிஜிஸ்டரை வலதிலும் தனித்தனி ஜன்னலாக வைக்க, எக்செல்லையே இரண்டாம் முறை தனியாகத் திறக்க வேண்டும். அப்படித் திறந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கிளிக் செய்து காட்டி விலுக்கப் (தேடி எடுக்கும் ஃபார்முலா) எழுத முடியாது. 2013-லிருந்துதான் ஒர்க்புக் ஒவ்வொன்றுக்கும் சொந்த ஜன்னல். முதல் செலவு அங்கே. 64-பிட்டாகப் பார்த்து வாங்குங்கள், 32-பிட் எக்செல் பெரிய கோப்பில் நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடும்.

ரிச்சி தெருக்காரன்:
இந்த ஒரு விஷயத்துல ஒத்தத்திரைக்கு ஒரு சல்யூட். என் வாயில வராத பாயிண்ட். ஆனா ஒத்தைத் திரைங்கறதை நான் ஏத்துக்கல. டாலியைப் பெருசாக்கணும்னு தோணினா ஒரே திரைல மத்த எல்லாம் மறைஞ்சிடும். தனி மானிட்டர்னா மேக்ஸிமைஸ் ஒரு கிளிக். பார்ட்டி எதிர்ல உக்காந்து 'என் கணக்கைக் காட்டுங்க'ன்னா ஒரு மானிட்டரை மட்டும் அவர் பக்கம் திருப்பிக் காட்டலாம். 43 இன்ச்சைத் திருப்பினா அடுத்த பார்ட்டி கணக்கும் சேந்து தெரியும்.

காளிங்கராயன் கரை:
அது நெசமுங்க. எதிர்ல ஆள் உக்காராத நாளே கிடையாது.

பவர்கட் பாண்டி:
அண்ணே, மாசாந்திரப் பராமரிப்புன்னு காலைல கரண்டை நிறுத்துனா என்ன செய்வீக? 24 இன்ச் எல்ஈடி மானிட்டர் ஒண்ணு 20 வாட்டுன்னு வைங்க. ஆறுக்கு 120. பிசி எக்செல் வேலைல நூறுக்குப் பக்கம். வீட்டுக்கு வாங்குற 600 விஏ யுபிஎஸ் தாங்குறதே 360 வாட்டுதான். தாங்கும், ஆனா சேவ் பண்ணி அணைக்கத்தான் நேரம் இருக்கும், ஃபைல் பண்ண இருக்காது. யுபிஎஸ்ல ரெண்டு மானிட்டரையும் பிசியையும் ரூட்டரையும் மட்டும் போடுங்க. மத்ததை நேரா மெயின்ல விடுங்க. 20-ம் தேதி கரண்டு போனாலும் ரெண்டு மானிட்டர்ல 3பி போட்டுறலாம்.

ரிச்சி தெருக்காரன்:
பாண்டி சொல்றதுல ஒரு வில்லங்கம் இருக்கு. டிஸ்ப்ளேபோர்ட்டுல மாட்டின பல மாடல் மானிட்டர் அணைஞ்சா, கழட்டிட்டாங்கன்னு விண்டோஸ் நினைச்சுக்கும். அதுல இருந்த ஜன்னல் எல்லாம் மெயின் மானிட்டர்ல வந்து குவிஞ்சிடும். சாப்பாட்டுக்குப் போறப்ப மானிட்டரை ஆஃப் பண்ணினாலே இது நடக்கும். விண்டோஸ் 11-ல டிஸ்ப்ளே செட்டிங்ல ஜன்னல் இருந்த இடத்தை நினைவு வச்சுக்கிற ஆப்ஷன் இருக்கு, அதை டிக் பண்ணிடுங்க. திரும்ப ஆன் பண்ணினா பெரும்பாலும் அதது பழைய இடத்துக்குப் போயிடும்.

காளிங்கராயன் கரை:
எல்லாருக்கும் நன்றிங்க. மேசையை அளந்து பாத்தேன், நாலே முக்கால் அடி. மூணு ஒரே வரிசைல நிக்காது. அதனால நாலோட நிறுத்திக்கறேன். 24 இன்ச் படுக்க ரெண்டு ஒண்ணு மேல ஒண்ணா, பில்லு பிடிஎஃப்புக்கும் ரிஜிஸ்டருக்கும் பக்கத்துல நெட்டுக்கா ரெண்டு. டி1000, ஐ5 13400, 32 ஜிபி ரேம். மதர்போர்டு போர்ட் ரெண்டும் சும்மா கிடக்கட்டும். எக்செல்லும் புதுசு.

ஒத்தத்திரை:
நெட்டுக்குத்தாக நிறுத்தும் இரண்டும் ஐபிஎஸ் பேனலாக (எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) இருக்கட்டும். டிஎன் என்ற மலிவு வகைப் பேனலை நிமிர்த்தினால் ஒரு கண்ணுக்கு ஒரு நிறம், மறு கண்ணுக்கு வேறு நிறம். பின்னால் ஸ்டாண்டில் திருகுவதற்கான வெசா துளை (75-க்கு 75 அல்லது 100-க்கு 100 மி.மீ.) இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் ஸ்டாண்டில் மாட்ட முடியாது. நான்கு மானிட்டர், நான்கு கேபிள், ஒரு கார்டு, இரண்டு ஸ்டாண்டு: மொத்தம் கூட்டி 43 அங்குலத்தின் விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிடுவதுதானே உங்கள் தொழில்.

ரிச்சி தெருக்காரன்:
விடமாட்டீங்க போல.

காளிங்கராயன் கரை:
ஒப்பிட்டுப் பாக்கறேனுங்க. இன்னிக்கு 2பி வந்திருக்குது. 20-ம் தேதி தாண்டித்தான் இனி இந்தப் பக்கம் வருவேன்.