கால்வேயில் ஷான்-நோஸ் கச்சேரி: எப்போ கை தட்டணும்?

பாலக்கோட்டு மாந்தோப்பு:
வணக்கம்ங்க. வயசு 61. பாலக்கோடு பக்கம் மூணு ஏக்கர் மா. பொண்ணு அயர்லாந்துல, கால்வேயில நர்ஸ். அடுத்த மாசம் போறேன். ஷான்-நோஸ்னு, வாத்தியம் இல்லாம ஐரிஷ் மொழியில பாடுற அந்த ஊர்ப் பழைய பாணிப் பாட்டு, அந்தக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்து வெச்சிருக்கா.

இந்தப் பைத்தியம் பிடிச்சு நாலு வருஷம் ஆச்சு. மாங்கா காவலுக்கு ராத்திரி தோப்புல படுத்திருக்கும்போது அவ அனுப்பின ஜோ ஹீனி பாட்டைப் போட்டேன். ஷான்-நோஸ் பாடகர், கால்வே பக்கம் கனமாராவுல கார்னாங்கிற ஊர்க்காரர், 1919ல பொறந்தவர். மேளம் இல்ல, தாளம் இல்ல, ஒத்தைக் குரல். ஐரிஷ் ஒரு சொல்லு புரியல. ஆனா எங்கம்மா எழவு வீட்டுல ஒப்பாரி எடுக்கும்போது ஒரு சொல்லை இழுத்து, நடுங்கவிட்டு, மூச்சு வாங்குற இடம் ஒண்ணு இருக்கும். அதே இடம்! அவரு பின்னாடி அமெரிக்கா போயி, நியூயார்க்குல ஒரு அடுக்குமாடி வீட்டு வாசல்ல காவலுக்கு நின்னிருக்காரு. நம்ம சாதிதான்னு நெனச்சுக்கிட்டேன், காவல்கார சாதி.

கேள்வி இதான். தாளமே இல்லாத பாட்டு முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? நடுவுல "அடடா"ன்னா தப்பா? கூத்துல விசில் அடிச்சே வளந்தவன் நான். பொண்ணு மானம் போகக்கூடாது.

காவேரிப்பட்டணத்தான்:
ஐயா, டப்ளின்ல அஞ்சு வருஷம் இருந்தேன். பாடுறவங்க கண்ணை மூடிக்குவாங்க, சிலர் சுவரைப் பார்த்துக்கூடத் திரும்பிக்குவாங்க. கோவம்னு நெனச்சுடாதீங்க. முடிவுக்கு ஒரு அடையாளம் உண்டு: கடைசி வரியையோ, கடைசி ரெண்டு சொல்லையோ ராகத்தை விட்டுட்டுச் சும்மா பேசுற மாதிரி சொல்லிடுவாங்க. அப்போ தட்டுங்க. நடுவுல "மா ஹூ"ன்னு மெதுவா ஒரு சொல் போடுறது அங்கேயும் வழக்கம்தான், பலேன்னு அர்த்தம். விசில் மட்டும் வேண்டாம். ரெக்கார்டு பண்றதுன்னா கேட்டுட்டுப் பண்ணுங்க.

அரூர் அக்கா:
ஒப்பாரின்னு சரியாப் பிடிச்சீங்க அண்ணா. அங்கேயும் சாவு வீட்டுல பொம்பளைங்க பாடுறது இருந்திருக்கு, கீனிங்ன்னு பேரு. கூலிக்குப் பாடுறவங்களும் உண்டு. பாதிரிமாருங்க திட்டித் திட்டியே ஒழிச்சுட்டாங்க. நம்ம ஊர்ல அந்த வேலையை மைக்செட்டு பார்த்துக்கிச்சு.

ஓசூர் பையன்:
இதெல்லாம் தூக்கம் வரும் ஐயா. செல்டிக் வுமன் கச்சேரி இருந்தாப் போங்க. 2004ல ஆரம்பிச்ச குழு. வயலின், முரசு, லைட்டுன்னு மேடையே அதிரும்.

பாலக்கோட்டு மாந்தோப்பு:
அதுவும் கேட்டிருக்கேன் தம்பி. மண்டபத்துப் பந்திச் சாப்பாடு, குறை சொல்ல ஒண்ணுமில்ல. எனக்குக் களியும் கீரைக் கடைசலும் போதும்.

பாலக்கோட்டு மாந்தோப்பு (அஞ்சு வாரம் கழிச்சு):
போயிட்டு வந்துட்டேன். சின்ன ஹாலு, அறுபது எழுபது பேரு, வெளிய மழை. பாடின அம்மாவுக்கு எழுபது வயசு இருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, கையில டீ. மேடையெல்லாம் இல்ல, நாங்க உக்காந்த நாற்காலி வரிசையிலயே அவங்களும்.

முதல் பாட்டை ராகத்தோடவே முடிச்சுட்டாங்க. காவேரிப்பட்டணத் தம்பி சொன்ன பேச்சு வரும் வரும்னு நான் காத்துக் கிடக்கேன், சனம் பூரா தட்டி ஓஞ்சாச்சு. பொண்ணு இடுப்புல இடிச்சா.

ரெண்டாவது பாட்டுக்குப் பக்கத்துல இருந்த பெரியவர் அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பாடப் பாட ரெண்டு கையும் சேர்ந்து மெதுவா வட்டம் போடுது. ராகி திரிக்கிற கல்லுல ரெண்டு பொம்பளைங்க எதிரெதிரா உக்காந்து ஒரே பிடியைச் சுத்துவாங்களே, அந்தச் சுத்து. குரல் ஏறுனா வட்டம் அகலமாகுது, இறங்குனா சுருங்குது. பாட்டை விட்டுட்டு அந்தக் கையையே பார்த்துக்கிட்டிருந்தேன். கடைசியில மூணு சொல்லு, பக்கத்து வீட்டுல உப்பு கேக்குற மாதிரி சாதாரணமாச் சொல்லிட்டு டீயை எடுத்துக் குடிச்சாங்க.

"மா ஹூ" சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது "அடி ஆத்தா". பெரியவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாரு.

காவேரிப்பட்டணத்தான்:
எல்லாப் பாட்டும் பேச்சுல முடியாதுன்னு சொல்லாம விட்டது என் தப்புங்க ஐயா. ரெக்கார்டு இருக்கா?

பாலக்கோட்டு மாந்தோப்பு:
கேட்டேன் தம்பி. அந்தம்மா வேண்டாம்னுட்டாங்க.