ஜெனீவாவில் நான்கு நாள்: ஹாஸ்டல் சரிப்படுமா?

கேள்வி:
அக்டோபரில் தனியாக ஜெனீவா போகிறேன். ஹோட்டல் வாடகையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. ஹாஸ்டலில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில் தூங்குவது பெண்ணுக்குச் சரிப்படுமா?

பதில்:
தைரியமாகப் போங்கள். நான் இரண்டு முறை அங்கே ஹாஸ்டலில்தான் தங்கினேன். பெண்கள் மட்டும் தங்கும் அறையாகப் பார்த்துக் கீழ்க்கட்டிலைக் கேளுங்கள். துப்பட்டாவின் ஓரத்தை மேல்கட்டில் மெத்தைக்கு அடியில் செருகித் தொங்கவிட்டால் அதுவே திரை. லாக்கருக்குப் பூட்டு கொண்டுபோங்கள். அப்புறம், ஹாஸ்டலில் தங்குபவர்களுக்கும் நகரப் போக்குவரத்து அட்டை இலவசம். டிராம், பஸ் மட்டுமல்ல, ஏரியைக் கடக்கும் சின்னப் படகும் அதில் அடக்கம். சாயங்காலம் கரையேற மனமே வராது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா! சாப்பாடு?

பதில்:
சமையலறை உள்ள இடமாகப் பிடியுங்கள். மிக்ரோ (Migros) சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, தயிர், முட்டை வாங்கிக்கொள்ளலாம், பருப்புப்பொடி வீட்டிலிருந்தே. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், குழாய்த்தண்ணீரே அருமையாக இருக்கும்.