காகிதப்பூவின் ‘பிராக்ட்’ – வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும் (சேலம் வட்டார உரையாடல்; பேசுவோர் அவரவர் பகுதிப் பெயரில்)

அஸ்தம்பட்டி ஆசிரியை:
வணக்கம். பள்ளித் தோட்டத்துச் செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறோம். மற்றதெல்லாம் முடிந்தது, காகிதப்பூ என்கிற போகன்வில்லாவில் நிற்கிறது. நேற்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த ரோஸ் நிற ‘இதழ்’ ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்தான். அதன் நடுநரம்பில் ஒட்டிக்கொண்டு மெல்லிய குழல் ஒன்று, நுனியில் வெள்ளையாய்க் குட்டி நட்சத்திரம். “இதழ் மேலயே பூ முளைக்குமா டீச்சர்?” என்றான். அது இதழ் இல்லை, பூவின் அடியில் வரும் இலை; ஆங்கிலத்தில் ‘பிராக்ட்’. பாடநூலில் ‘பூவடிச் செதில்’ என்று இருக்கிறது. செதில் என்றால் பிள்ளைகளுக்கு மீன்தான். வியாழன் மாலை பெயின்டர் வருகிறார்.

குகை:
பூமடல். தாழம்பூ மடல் தெரியாத ஆள் உண்டா? முடிந்தது.

செவ்வாய்ப்பேட்டை புலவர்:
முடியவில்லை தம்பி. தொல்காப்பியத்தின் மரபியலை எடுத்துப் பாரும். ‘தோடே மடலே ஓலை என்றா, ஏடே இதழே பாளை என்றா’ – இவை புல்லுக்கு உரியவை. புறக்காழ், அதாவது வெளியே வைரம் (கெட்டிப் பகுதி) உடையது புல்; அகக்காழ், உள்ளே வைரம் உடையது மரம். காகிதப்பூத் தண்டை வெட்டினால் வைரம் உள்ளேதான் இருக்கிறது. ஆகவே ‘இலையே முறியே தளிரே’ வரிசையில்தான் எடுக்க வேண்டும். என் பரிந்துரை: பூமுறி. முறி என்றால் தளிர். ‘முறிமேனி முத்தம் முறுவல்’ என்றார் வள்ளுவர்.

குகை:
ஐயா, அந்தக் கணக்கில் ரோஜா இதழும் பிழை, மல்லிகை இதழும் பிழை. போகட்டும். செடி பக்கத்தில் ‘பூமுறி’ என்று பலகை வைத்தால், உத்தரவு என்று நினைத்து மறுநாளே பையன்கள் மொட்டையடித்துவிடுவார்கள்.

அம்மாபேட்டை:
இடையில் ஒன்று. போகர் + வில்வம் = போகன்வில்லா என்று ஏன் இருக்கக்கூடாது? போகரின் குரு காலாங்கிநாதர் இருந்த கஞ்சமலை நமக்குப் பக்கத்தில்தானே.

அஸ்தம்பட்டி ஆசிரியை:
கூடாதுங்க ஐயா. 1766-இல் உலகைச் சுற்றக் கிளம்பிய பிரெஞ்சுக் கப்பல் தலைவர் பூகன்வில் பெயர் அது. உடன் போன தாவரவியலர் கொமர்சோன் பிரேசிலில் கண்ட செடி. கஞ்சமலையை விட்டுவிடுங்கள்.

நாகலூர் நாற்றுப்பண்ணை:
நாங்க ‘கலர் இலை’ன்னுதான் சொல்லி விக்கிறோம், யாரும் கேள்வி கேட்டதில்லைங்க. அதுல ரெண்டு வகை: இலை மழமழன்னு இருந்தா கிளாப்ரா, தடவினா மயிர் தட்டுனா ஸ்பெக்டாபிலிஸ். இங்க மலை மேல மூட்டத்துல பச்சையாத் தழைக்குதே தவிர கலர் கம்மி. உங்க அஸ்தம்பட்டி வெயில்ல பென்சில் கனத்துக் குச்சி நட்டு, வேர் புடிச்சு வளந்ததும் தண்ணியக் குறைச்சுப் பாருங்க, கொட்டும்.

அஸ்தம்பட்டி ஆசிரியை:
அண்ணா, குரோட்டனும் கலர் இலைதானே? முசாண்டாவில் வெள்ளையாய் நீட்டிக்கொண்டிருப்பது, பெருத்துப்போன புல்லி இதழ், அதாவது மொட்டை மூடியிருக்கும் வெளி இதழ். பாயின்செட்டியாவில் சிவப்பாய் இருப்பது பிராக்ட். மூன்றும் எங்கள் தோட்டத்தில் ஒரே வரிசையில் நிற்கின்றன. காகிதப்பூவின் உறவான அந்திமந்தாரையிலோ பிராக்ட் பச்சை, பார்த்தால் புல்லி போலவே இருக்கும். அதனால் சொல்லில் நிறம் வரவே கூடாது. ‘பூவடி’யை வைத்துக்கொண்டு மீனை மட்டும் விரட்டினால்? பூவடியிலை.

குகை:
மடலுக்கு மனசு ஆறவில்லை. ஆனாலும் சரி.

செவ்வாய்ப்பேட்டை புலவர்:
பூவடி என்றால் பூப்போன்ற திருவடி. பக்தி இலக்கியம் படித்தவன் பலகையைக் கும்பிடுவான்.

அம்மாபேட்டை:
கும்பிட்டால் செடியை ஒடிக்க மாட்டான் ஐயா. பூவடியிலைக்கு என் ஓட்டு. ஆனால் பிளஸ் ஒன் பிள்ளைகள் பரீட்சையில் இதை எழுதினால் மார்க் போகுமே?

அஸ்தம்பட்டி ஆசிரியை:
பாடநூல் சொல்லை அடியில் சின்ன எழுத்தில் போட்டுவிட்டேன். பெயின்டர் வந்து டீயும் குடித்தாயிற்று. பலகை இப்படி: ‘காகிதப்பூ. நிறமாகத் தெரிபவை பூவடியிலைகள். நடுவில் வெள்ளையாக இருப்பவையே பூக்கள்.’

செவ்வாய்ப்பேட்டை புலவர்:
பூமுறி என்பதே என் கருத்து. பதிவில் இருக்கட்டும்.

நாகலூர் நாற்றுப்பண்ணை:
என்ன பேரு வேணா எழுதுங்க. பலகையைச் செடிக்கு வடக்கால நடுங்க, நிழல் விழுந்தா பூக்காது.