ஃபிளாஷ் இருந்தும் நீர்த்துளி கோடாகத்தான் விழுகிறது, எங்கே தவறு?

சாரல்:
வணக்கம். எங்கள் புகைப்படக் குழுவில் இந்த மாதச் சவால் 'தண்ணீர்'. கடல், ஆறு, அருவி என்று நிலக்காட்சியாக எதுவும் வரக் கூடாது, தண்ணீரின் உருவமே படமாக இருக்க வேண்டும் என்பது விதி. துளி விழுந்து கிரீடம் போலத் தெறிக்கும் அந்தக் கணத்தை எடுக்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதையே எடுத்துக்கொண்டேன்.

கிராப் சென்சார் டிஎஸ்எல்ஆர், 18-55 கிட் லென்ஸ், ட்ரைபாட். கேமராவின் மேலேயே ஒரு தனி ஃபிளாஷ், ஆட்டோவில். கறுப்புத் தட்டில் தண்ணீர், அதற்கு 40 செ.மீ. மேலே ஊசித்துளை போட்ட பாலித்தீன் பை. ஷட்டர் வேகம் 1/200 நொடியில் எடுத்தால் துளி நீளமான கோடாகிறது. வேகத்தைக் கூட்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழுகிறது. ஹைஸ்பீடு சிங்க் (வேகமான ஷட்டரோடும் ஃபிளாஷைச் சேர்ந்து இயங்க வைக்கும் வசதி) போட்டு 1/4000 வைத்தேன். பட்டை போய்விட்டது, ஆனால் படம் இருட்டு. ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) 3200-க்கு ஏற்றினால் ஒரே புள்ளிமயம், துளியின் விளிம்பும் கூர்மையாக இல்லை. 1/4000-க்கும் மேலே வேகம் உள்ள கேமரா வாங்கினால்தான் இது நடக்குமா?

விழித்திரை:
கேமரா மாற்ற வேண்டாம் நண்பரே. துளியை உறைய வைப்பது ஷட்டர் இல்லை, ஃபிளாஷ் மின்னும் நேரம். இருட்டான அறையில் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும், வெளிச்சம் இருக்கும் அந்தத் துணுக்கு நேரம் மட்டும்தான் படத்தில் பதியும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி தண்ணீரைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர். 1/200 நொடியில் அது 14 மி.மீ. நகர்ந்துவிடும். துளியின் அகலமே சில மி.மீ.தான், அப்புறம் கோடாகாமல் என்ன செய்யும்? 1/4000-இல்கூட 0.7 மி.மீ. நகர்வு உண்டு, கிட்டத்தில் எடுக்கும்போது அது நன்றாகவே தெரியும். 1/20000 என்றால் 0.14 மி.மீ. அந்த வேகம் சாதாரண இயந்திர ஷட்டர் எதிலும் இல்லை, உங்கள் ஃபிளாஷில் இருக்கிறது.

கேமராவில் மாட்டும் சாதாரண ஃபிளாஷ்கள் சக்தியைக் குறைக்கக் குறைக்க மின்னும் நேரத்தையும் குறைத்துக்கொள்ளும். முழுச் சக்தியில் சில நூற்றில் ஒரு பங்கு நொடி வரை நீளும் மின்னல், 1/32 அல்லது 1/64 சக்தியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஹைஸ்பீடு சிங்க் இதற்கு நேர் எதிர். ஷட்டர் திரை நகர்ந்து முடியும்வரை ஃபிளாஷ் விட்டுவிட்டுத் தொடர்ந்து மின்னிக்கொண்டே இருக்கும். வெளிச்சமும் வீணாகிறது, உறைய வைக்கும் திறமையும் போகிறது. அதை அணைத்துவிடுங்கள்.

ஆக, ஃபிளாஷ் மேனுவலில் 1/32 சக்தி, ஷட்டர் 1/200, லென்ஸ் திறப்பு எஃப் 11 (எண் கூடினால் திறப்பு சிறிது, கூர்மையாகத் தெரியும் ஆழம் அதிகம்), ஐஎஸ்ஓ 400. முதலில் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். அது முழுக் கறுப்பாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால் அறை வெளிச்சம் உள்ளே வருகிறது என்று அர்த்தம். வெளிச்சம் போதவில்லை என்றால் சக்தியைக் கூட்டாதீர்கள், ஃபிளாஷைக் கிட்டே கொண்டு வாருங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்கு.

கருமுகில்:
ஃபிளாஷே இல்லாமல் வெயிலில் செய்யலாமே? நல்ல உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6 வைத்தால் 1/3200 கிடைக்கிறது. நான் தண்ணீர் நிரப்பிய பலூன் உடைவதை அப்படித்தான் எடுத்தேன்.

விழித்திரை:
பலூனுக்குச் சரி. உருவம் பெரிது, தள்ளி நின்று எடுக்கலாம். துளிக்கு அவ்வளவு கிட்டே போய் எஃப் 5.6 வைத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் சில மி.மீ.தான் இருக்கும். கிரீடத்தின் முன் விளிம்பு கிடைத்தால் பின் விளிம்பு கிடைக்காது.

சாரல்:
உறைந்துவிட்டது! 1/32-இல் துளி கண்ணாடி மணி மாதிரி நிற்கிறது. ரொம்ப நன்றி.

ஆனால் படமாகப் பார்த்தால் அழகில்லை. கறுப்புப் பின்னணியில் இரண்டு வெள்ளைத் திட்டுகள், அவ்வளவுதான். தண்ணீரின் உருவமே பிடிபடவில்லை. ஃபோகஸும் பாதிப் படங்களில் தவறுகிறது. அதோடு கிரீடம் வரவில்லை, நடுவில் ஒரு தூண்தான் எழும்புகிறது.

தாழ்வாரம்:
சாரல், வெள்ளைத் திட்டு உங்கள் ஃபிளாஷின் முகம். தண்ணீருக்கு என்று சொந்தமாக ஒரு தோற்றம் கிடையாது. எதிரே இருப்பதைக் கண்ணாடி போலக் காட்டும், பின்னால் இருப்பதை வளைத்துக் காட்டும். முன்னால் ஃபிளாஷ், பின்னால் இருட்டு என்றால் அது அந்த இரண்டைத்தானே காட்ட முடியும்? அதனால் தண்ணீரின் மேல் வெளிச்சம் போடாதீர்கள். தண்ணீருக்குப் பின்னால் இருப்பதன் மேல் போடுங்கள்.

ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றுங்கள். அதைத் தூரத்திலிருந்து மின்ன வைக்கும் ட்ரிகர் வேண்டும், அல்லது நீட்டிப்புக் கம்பி. தட்டுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி மெல்லிய வெள்ளைத் தாளையோ பால் வெள்ளை பிளாஸ்டிக் அட்டையையோ நிறுத்தி, அதற்கும் பின்னால் ஃபிளாஷை வையுங்கள். தாள் முழுக்க ஒரே சீராக ஒளிரும். இப்போது துளி அந்த வெளிச்சத்தை உள்வாங்கிக்கொண்டு, ஓரத்தில் மட்டும் தாளுக்கு வெளியே உள்ள இருட்டை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தக் கறுப்புக் கோடுதான் உருவத்தை வரைந்து கொடுக்கிறது. கோடு மெலிதாக இருந்தால் தட்டின் இரண்டு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்துங்கள், தடிக்கும். கண்ணாடிப் பாத்திரங்களைப் படம் எடுப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது இது.

நிறம் வேண்டுமானால் தண்ணீரில் சாயம் கலக்க அவசரப்படாதீர்கள். தாளின் மேல் பாதி ஆரஞ்சு, கீழ்ப் பாதி நீலம் என்று ஒட்டிப் பாருங்கள். துளிக்குள் அது தலைகீழாகத் தெரியும், பரப்பில் அலையோடு சேர்ந்து நெளியும். எனக்குச் சலிக்காத வேலை இது.

மின்சாரம், தண்ணீர் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பேட்டரி ஃபிளாஷாக இருந்தாலும் பாலித்தீன் சுற்றி வையுங்கள், லென்ஸுக்கு முன்னால் தெளிவான ஃபில்டர் ஒன்று இருக்கட்டும்.

விழித்திரை:
ஃபோகஸுக்கு: ஆட்டோவை அணைத்துவிடுங்கள். துளி விழும் இடத்தில் ஒரு திருகாணியை நிமிர்த்தி வைத்து, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) பெரிதாக்கி, அதன் மரையைக் கூர்மையாக்கிவிட்டு, திருகாணியை அகற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு பையை ஆட்டக் கூடாது. கையில் பிடித்த பைக்கு இது ஒத்துவராது, ஸ்டாண்டில் கட்டுங்கள். ஊசித்துளையை விட, உருளைத் திருகு உள்ள சலைன் குழாய் நல்லது. துளி ஒரே தாளத்தில் விழும், விரல் தானாகப் பழகிவிடும். 1/32-இல் ஃபிளாஷ் சட்டென்று மறுபடி தயாராகிவிடுவதால், துளிக்கு இரண்டு மூன்று படம்கூடத் தட்டலாம்.

கிரீடமா தூணா என்பதை நீரின் ஆழம் தீர்மானிக்கிறது. ஆழமான நீரில் துளி ஒரு பள்ளம் தோண்டும், அந்தப் பள்ளம் மூடும்போது நடுவில் தூண் எழும். கிரீடம் வேண்டுமானால் தட்டில் ஒன்றிரண்டு மி.மீ. நீர் போதும். அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த ஹெரால்ட் எட்ஜெர்ட்டன் 1957-இல் எடுத்த புகழ்பெற்ற பால்துளிக் கிரீடமும், சிவப்புப் பரப்பின் மேல் மெல்லிய பால் படலத்தில் விழுந்ததுதான். தூண் பிடித்திருந்தால் ஆழத்தை அப்படியே வைத்து, முதல் துளியின் தூண் எழும் நேரத்தில் அடுத்த துளி அதன் தலையில் மோதும்படி இடைவெளியைச் சரிசெய்யுங்கள். குடை போல விரியும். அதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். துளி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு வைத்திருப்பவர்களுக்கே அது எளிது.

நீலம்:
இடையில் ஒரு யோசனை. ஃபிளாஷோ டிஎஸ்எல்ஆரோ இல்லாதவர்கள் இதைப் படித்துச் சோர்ந்துவிட வேண்டாம். கண்ணாடித் தகட்டை இரண்டு டப்பாக்களின் மேல் வைத்து, அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, அடியில் ஒரு பூவையோ கோடு போட்ட துணியையோ வைத்து மேலிருந்து மொபைலில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சொட்டும் ஒரு குட்டி லென்ஸ். எதுவும் அசையவில்லை, அதனால் ஷட்டர் வேகம் பற்றிய கவலையே கிடையாது. தகட்டில் எண்ணெய்ப் பசை லேசாக இருந்தால் சொட்டு பரவாமல் குவிந்து நிற்கும். உங்கள் சவால் 'தண்ணீரின் உருவம்' என்றால் நிற்கும் தண்ணீரும் உருவம்தான்.

சாரல்:
தாழ்வாரம் அக்கா, தாளுக்குப் பின்னால் ஃபிளாஷை வைத்தவுடன் வேறு படமே ஆகிவிட்டது. ஒவ்வொரு முத்துக்கும் கறுப்பு விளிம்பு. நீர் மட்டத்தைக் குறைத்ததும் கிரீடமும் வந்தது. ஒரு சந்தேகம் மட்டும். கிரீடம் சமமாக வருவதே இல்லை. ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் கிழிசல். தட்டு சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்தும் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது.

விழித்திரை:
தட்டில் குறையில்லை. ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர், தெறிப்புகளை மின்பொறி வெளிச்சத்தில் ஒரு கணம் பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்துவந்தார். வரைந்ததெல்லாம் ஒழுங்கான, சமச்சீரான வடிவங்கள். பிறகு 1894-இல் அதே தெறிப்புகளைப் புகைப்படமாகப் பிடித்தபோது, பெரும்பாலானவை கோணல்மாணல். தான் வரைந்த சமச்சீர் கண் செய்த திருத்தம் என்று அவரே ஏற்றுக்கொண்டார். தூண் எழுகிறதே, அதற்கு இன்றும் அவர் பெயர்தான். கிழிசல் உள்ள படத்தை ஒதுக்கிவிடாதீர்கள்.

தாழ்வாரம்:
நானும் அதையேதான் சொல்வேன். சமமான கிரீடத்தை எல்லோரும் பார்த்தாயிற்று. உயரமான பக்கம் கேமராவிலிருந்து தள்ளி, அதாவது தாள் பக்கமாக, வரும்வரை காத்திருந்து ஒன்று எடுங்கள். முன்பக்கக் கிழிசல் வழியாக உள்ளே பார்க்கலாம்.

சாரல்:
சரி, சமமானவற்றைத் தேடுவதை நிறுத்திவிட்டேன். முன்பக்கம் திறந்து, பின்சுவர் ஆரஞ்சாக ஒளிரும் ஒரு படம் கிடைத்திருக்கிறது. அதைத்தான் அனுப்பப் போகிறேன். அடுத்தது நீலம் சொன்ன கண்ணாடித் தகடு. அதற்கும் பின்ஒளி போட்டால் எப்படி இருக்கும், யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?